93 கோழி, மூன்று வம்சம்: மலேசியாவின் சுங்கை சிப்புட் வாசகிக்குப் பதில்

கேள்வி: டாக்டர் ஐயா, வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்தில் பழைய தோட்டத்து லயத்துக்குப் பின்னால் எங்களுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. வீட்டுக்காரர் செம்பனை வேலையை விட்டு நின்ற பிறகு, கறிக்குக் கோழி வளர்க்கலாம் என்று இறங்கினோம். கம்போங் கோழி, அதாவது நாட்டுக்கோழிக் குஞ்சு என்று சொல்லி ஒருவர் லாரியில் கொண்டு வந்தார். 100 குஞ்சு வாங்கினோம். 7 செத்தது போக 93 நிற்கிறது. இன்றோடு 8 வாரம். எல்லாவற்றுக்கும் ஒரே பிராய்லர் ஸ்டார்ட்டர் தீவனம்தான் போடுகிறேன். 25 கிலோ மூட்டை மூன்று நாளில் தீர்ந்துவிடுகிறது. ஆனால் வளர்ச்சி ஒன்றுபோல் இல்லை. செங்கபில நிறத்தில், தடித்த மஞ்சள் காலோடு 38 இருக்கிறது. மீன் தராசில் தொங்கவிட்டால் ஒன்றே முக்கால் கிலோ பக்கம் வருகிறது, அதில் சிலதுக்குக் கழுத்தில் இறகே இல்லை. இன்னொரு 41, குஞ்சில் வெளிர் மஞ்சளாக இருந்தவை. இப்போது வெள்ளையாகி, தோளில் மட்டும் சிவப்பு, உயரமான கால், பெரிய கொண்டை, எடை முக்கால் கிலோதான். பார்த்தால் எல்லாமே சேவல் மாதிரி இருக்கிறது. மீதி 14, குஞ்சில் முதுகில் அணில் கோடு இருந்தவை. அரைக் கிலோகூட இல்லை, இரவானால் ரம்புத்தான் மரத்தில் ஏறிக்கொள்கின்றன. மஞ்சள் கால் எல்லாம் பிராய்லர், கருங்கால்தான் நாட்டுக்கோழி என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். உண்மையா? எதை எப்போது அறுப்பது? இவற்றிலேயே சேவலும் பெட்டையும் நிறுத்திக் குஞ்சு எடுக்கலாமா? முனியாண்டி கோயில் ஆடிப் படையலுக்கு 12 நாட்டுச் சேவல் கேட்டிருக்கிறார்கள், இன்னும் 10 வாரம் இருக்கிறது. எல்லாவற்றையும் கம்போங் கோழி என்றே விற்கலாமா?

பதில்: சகோதரி, வணக்கம். கடிதத்தைப் படித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது. குஞ்சில் என்ன நிறம் என்று நினைவு வைத்திருக்கிறீர்கள், தராசில் நிறுத்தும் பார்த்திருக்கிறீர்கள். இந்த இரண்டும் இருந்ததால்தான் கோழியைக் கையில் தூக்காமலே என்னால் பதில் சொல்ல முடிகிறது. பலர் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து அனுப்பி, "இது என்ன இனம், டாக்டர்?" என்று கேட்கிறார்கள். படத்தில் நிறம் மட்டும்தான் தெரியும். கறிக்கோழியை அறிவதற்கு நிறத்தைப் போல ஏமாற்றுகிற அடையாளம் வேறு கிடையாது.

உங்களிடம் இருப்பது மூன்று வம்சம். செங்கபில 38 வண்ணக் கலப்புக் கறிக்கோழி. வெள்ளை 41 முட்டைக்கோழி வம்சத்தின் ஆண் குஞ்சுகள். 14 மட்டும்தான் நாம் ஊரில் கம்போங் கோழி என்று சொல்கிற கோழி. விற்றவர் மூன்றையும் ஒரே கூடையில் கலந்து, ஒரே பெயரில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

முதலில் அந்த 41-ஐப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் தீவனக் காசு அதிகம் வீணாவது அங்கேதான். பழுப்பு முட்டை இடும் வணிகக் கோழிகளை உருவாக்கும்போது, சிவப்பு வழிச் சேவலையும் வெள்ளி நிற மரபணு உள்ள பெட்டையையும் சேர்ப்பார்கள். அந்த மரபணு, ஆணா பெண்ணா என்று முடிவு செய்யும் பாலினக் குரோமோசோமில் இருப்பதால் மகள் அப்பனைக் கொள்ளும், மகன் ஆத்தாளைக் கொள்ளும். பெண் குஞ்சு பழுப்பாகவும் ஆண் குஞ்சு வெளிர் மஞ்சளாகவும் பொரியும். பொரிப்பகத்தில் நிறத்தைப் பார்த்தே இரண்டு பெட்டியாகப் பிரித்துவிடலாம். பெண் குஞ்சு முட்டைப் பண்ணைக்குப் போகும். ஆண் குஞ்சு முட்டையும் இடாது, கறியும் போடாது என்பதால் மலிவாகத் தள்ளிவிடுவார்கள். வெளிர் மஞ்சள் குஞ்சு வெள்ளையாக வளர்ந்து தோளில் சிவப்பு தட்டுவதும், 41-உம் சேவலாகவே இருப்பதும், முட்டைக்கோழிக்கே உரிய பெரிய ஒற்றைக் கொண்டை சீக்கிரம் சிவப்பதும் ஒன்றோடு ஒன்று பொருந்தி வருகின்றன. இயற்கையாக அடை வைத்துப் பொரித்த குஞ்சில் பாதி பெட்டையாக இருக்க வேண்டாமா? ஒரு கும்பல் முழுக்கச் சேவலாக இருந்தால், அதை யாரோ பிரித்துக் கழித்த குஞ்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன கால் கணக்கு தோட்டத்தில் எல்லாரும் சொல்வதுதான். என் அம்மாவும் சொல்வார். ஆனால் அது சரியில்லை. மஞ்சள் தோல் ஒரு மரபணுவால் வருவது. வீட்டுக்கோழியின் முன்னோர் முக்கியமாகச் சிவப்புக் காட்டுக்கோழிதான் என்றாலும், இந்த மஞ்சள் மட்டும் தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்து கலந்தது என்று 2008-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்துக் கோழி அது. இன்று அந்த மரபணு பிராய்லரிலும் இருக்கிறது, முட்டைக்கோழியிலும் இருக்கிறது, கம்போங் கோழியிலும் இருக்கிறது. கம்போங் கோழிக்கு மஞ்சள், பச்சை கலந்த மஞ்சள், கருஞ்சாம்பல், வெள்ளை என்று எந்தக் காலும் வரும். தீனியும் காலின் நிறத்தை மாற்றும். சோளமும் பச்சைப் புல்லும் தின்றால் மஞ்சள் ஏறும். நிறைய முட்டை இடுகிற பெட்டைக்கு அந்த மஞ்சள் முட்டைக் கருவுக்குப் போய்க் கால் வெளுத்துவிடும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? இன்றிரவு கோழிகள் அடைந்த பிறகு டார்ச் லைட்டைத் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு வகையிலும் ஒன்றைத் தூக்கி இடது கையில் உட்கார வைத்து, வலது கைக் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் வைத்து மெல்ல அழுத்துங்கள். செங்கபில 38-இல் எலும்பு உள்ளே அமுங்கி, சதை இரண்டு பக்கமும் உருண்டு மேலே வந்திருக்கும். கைக்கு ஒரு கிண்ணத்தின் அடிப்பக்கம் போல இருக்கும். வெள்ளைச் சேவலில் நெஞ்செலும்பு கத்தி முதுகு மாதிரி விரலில் படும், சதை இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும். கம்போங் கோழி இரண்டுக்கும் நடுவில்: எலும்பு தெரியும், ஆனால் ஒட்டியிருக்கும் சதை சிறியதாக, இறுக்கமாக இருக்கும். பிறகு காலைப் பிடித்துப் பாருங்கள். கறிக்கோழிக் கால் கட்டைவிரல் தடிமன், இரண்டு காலும் அகன்று நிற்கும். மற்ற இரண்டுக்கும் கால் ஒடுங்கி நெருங்கியிருக்கும். இந்த வித்தியாசம் ஒரு முறை விரலுக்குப் பழகிவிட்டால் இனி இருட்டிலும் சொல்லிவிடுவீர்கள்.

பெட்டை வாங்கும்போது அலகையும் பாருங்கள். மேல் அலகு நுனி மொண்ணையாக வெட்டுப்பட்டிருந்தால், அது முட்டைப் பண்ணையில் இருந்து ஓய்வு பெற்று வந்த கோழி. பசாரில் பென்சன் கோழி என்று விற்பார்களே, அதுதான். எவ்வளவு கபிலமாக, எவ்வளவு அழகாக இருந்தாலும் கம்போங் கோழிக்கு யாரும் அலகு வெட்டுவதில்லை.

38-க்கு வருவோம். ஹப்பார்ட், சாசோ என்ற பெயர்கள் உங்கள் காதிலும் விழுந்திருக்கும். இவை கோழி வம்சத்தின் பெயர் இல்லை, தாய்க்கோழி வம்சங்களை உருவாக்கும் நிறுவனங்களின் பெயர்கள். அவர்கள் தங்கள் கோழியை மெதுவாக வளரும் வண்ணக் கறிக்கோழி என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அது கைமாறி வரும் வழியில்தான் கம்போங் என்று பெயர் மாறுகிறது. உங்களுடையது எந்த நிறுவனத்தின் குஞ்சு என்று சொல்ல வேண்டுமானால் பொரிப்பகச் சீட்டு வேண்டும். எந்த வகை என்பதை உறுதியாகச் சொல்ல, 8 வாரத்தில் ஒன்றே முக்கால் கிலோ என்ற ஒரே கணக்கு போதும். நல்ல கம்போங் கோழி அந்த எடைக்கு வர அரை வருடம் தாண்டிவிடும். வெள்ளை பிராய்லர் 5 வாரத்திலேயே 2 கிலோவைத் தொட்டுவிடும். உங்கள் 38 இரண்டுக்கும் இடையில், பிராய்லர் பக்கம் சாய்ந்து நிற்கிறது.

கழுத்தில் இறகில்லாததைப் பார்த்து நோய் என்று பயப்படாதீர்கள். அதுவும் ஒரு மரபணுதான். உடம்பெங்கும் இறகு குறைவதால் வெயிலைத் தாங்கும், அதனால்தான் வெப்ப நாடுகளுக்கான கலப்பில் அதைச் சேர்க்கிறார்கள். கழுத்தின் முன்பக்கம் கீழே ஒரு சிறு இறகுக் குஞ்சம் இருந்தால் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்த மரபணு. குஞ்சமே இல்லாமல் முழு மொட்டை என்றால் தாய் தந்தை இரண்டு பக்கமும் வந்தது.

பிராய்லரை நாம் வெள்ளைக்காரன் கோழி என்று ஒதுக்கிப் பேசுகிறோம். அதன் கதையில் நம் பங்கும் இருக்கிறது. பிராய்லரின் அகன்ற நெஞ்சு கார்னிஷ் என்ற இங்கிலாந்துக் கோழியிடமிருந்து வந்தது. அந்தக் கார்னிஷை இந்தியாவின் அசில் சண்டைக்கோழியையும் மலாய் என்ற பெயருடைய உயரமான கோழியையும் சேர்த்துத்தான் உருவாக்கினார்கள். அதற்குப் பிறகு நடந்த தேர்வு எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-ஆம் ஆண்டுக் கோழி வம்சம், 1978-ஆம் ஆண்டு வம்சம், 2005-ஆம் ஆண்டு ராஸ் 308 என்ற பிராய்லர் வம்சம் ஆகிய மூன்றையும் ஒரே தீவனத்தில் வளர்த்தார்கள். 56-ஆம் நாள் எடை முறையே 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். 56 நாள், அதாவது உங்கள் கோழிகளின் இன்றைய வயது. தீவனம் ஒன்று, கோழியின் ரத்தம் வேறு. உங்கள் கொல்லையில் முக்கால் கிலோவும் ஒன்றே முக்கால் கிலோவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதற்குக் காரணம் இதுதான். உங்கள் பராமரிப்பில் குறை இல்லை. 100-இல் 93-ஐக் காப்பாற்றியவர் நீங்கள், அந்தச் சந்தேகமே வேண்டாம்.

14 அணில் கோட்டுக் குஞ்சுகள்தான் இந்தக் கூட்டத்தின் சொத்து. முதுகுக் கோடு, மரத்தில் அடைவது, மெதுவான வளர்ச்சி, மூன்றும் சேர்ந்து வருகிறது. செம்பனைக் காட்டோரத்துச் சேவல்கள் உங்கள் பெட்டைகளைத் தேடி வரலாம். வாலடியில் வெள்ளை இறகும் கருஞ்சாம்பல் காலும் உள்ள ஒல்லியான சேவலைக் கண்டால் அது காட்டுக்கோழி. கண்ணி வைத்துப் பிடிக்காதீர்கள். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதற்கு உரிமம் வேண்டும்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தோட்டத்துப் பெரியவர் ஒருவர் தம் கோழிகளைக் காட்டினார். சிவப்பு, கறுப்பு, புள்ளி என்று பார்க்க அத்தனை அழகு. நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "நல்ல நாட்டுக்கோழி, தாத்தா" என்று சொல்லிவிட்டு வந்தேன். டாக்டரே சொல்லிவிட்டார் என்று அவர் அந்தப் பெயரில் விற்றார். வாங்கியதில் ஒரு வீட்டில் பிள்ளை பெற்ற மகளுக்கு ரசம் வைக்க வாங்கியிருந்தார்கள். அரை மணி நேரத்தில் கறி கரைந்துவிட்டது என்று கோழியின் காலை எடுத்துக்கொண்டு வந்து அவர் வாசலில் நின்று சண்டை. லயத்தில் நாற்பது வருடம் நாணயமாக வாழ்ந்த மனிதர். அவர் என்னைத் திட்டவே இல்லை, அதுதான் இன்றுவரை எனக்கு வலி. அதற்குப் பிறகு நெஞ்செலும்பைத் தொடாமல் நான் எந்தக் கோழிக்கும் பெயர் சொன்னதில்லை.

ஆகவே, எல்லாவற்றையும் கம்போங் என்று விற்கலாமா என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில்: கூடாது. பெயருக்கு விலை இருக்கிறது. 2022 ஜூன் 1 முதல் மலேசிய அரசாங்கம் கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, அந்த மாத நடுவிலேயே கம்போங் கோழிக்கும் கருங்கோழிக்கும் மட்டும் வழி திறந்துவிட்டது. அந்த அளவுக்கு அது தனிச் சரக்கு. ஒரு பொருளைப் பொய்யான விவரம் சொல்லி விற்பது 2011-ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டப்படி குற்றமும்கூட. உங்களிடம் விற்றவர் செய்ததை நீங்கள் அடுத்தவருக்குச் செய்ய வேண்டாம். 38-ஐ "வண்ணக் கலப்பு, கொல்லையில் திரிந்து வளர்ந்தது" என்று சொல்லியே விற்கலாம். வாங்க ஆள் இருக்கிறார்கள்.

அறுப்புக்கு வருவோம். 38-ஐ இப்போதே அறுக்கலாம், கறி இளசாக இருக்கும். ஆனால் ருசியில் பாதி வயதில் இருக்கிறது. பிரான்சில் லபெல் ரூஷ் என்ற தர முத்திரை பெறும் கோழியைக் குறைந்தது 81 நாள் வளர்த்தாக வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். நீங்களும் 10 முதல் 12 வாரம் வரை வைத்துப் பாருங்கள், குழம்பில் எலும்பை விட்டுப் பிரியாத கறி கிடைக்கும். ஆனால் குஞ்சுப் பருவத்து ஸ்டார்ட்டரை நிறுத்திவிட்டு, பினிஷர் என்ற கடைசிக் கட்டத் தீவனத்துக்கு மாற்றுங்கள். 12 வாரத்துக்கு மேல் வைத்தால் காலும் இருதயமும் எடையைத் தாங்குவது கடினம், அதிலும் மதிய வெயிலில். தீவன மூட்டையில் மருந்து கலந்தது என்று இருந்தால், அறுப்பதற்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்றும் அதிலேயே அச்சிட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் ஒரு கோழியைக்கூட அறுக்காதீர்கள்.

41 சேவலில் ஒவ்வொன்றும் நாளைக்கு 60, 70 கிராம் தின்னும். வாரத்துக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குக் கூடுகிற எடை 120 கிராம் அளவில்தான் இருக்கும். மூட்டை விலையை 25-ஆல் வகுத்து, ஒரு கிலோ கறிக்கு நீங்கள் கொடுக்கும் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், மனசு பகீர் என்னும். அதனால் கொண்டையும் வாலும் நன்றாக உள்ள 10-ஐ மட்டும் படையலுக்கு ஒதுக்குங்கள். மீதியை எடைக்குத் தராமல் உருப்படிக் கணக்கில், முட்டைக்கோழிச் சேவல் என்றே சொல்லி, இந்த மாதத்துக்குள் தள்ளிவிடுங்கள். பொடியாக வெட்டிப் பிரட்டலுக்கு நன்றாக இருக்கும்.

படையலுக்கு 10 வாரம் என்றால் அப்போது கோழிகளுக்கு 18 வாரம். 14 கம்போங்கில் சேவல் ஆறோ ஏழோ தேறலாம், அவை ஒரு கிலோவை ஒட்டி நிற்கும். ஒன்றிரண்டைக் குஞ்சு எடுக்க நிறுத்தினால் கோயிலுக்கு நான்கு அல்லது ஐந்துதான் மிஞ்சும். இதைக் கோயில் தலைவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்: இத்தனை நாட்டுச் சேவல் தருகிறேன், மீதி முட்டைக்கோழிச் சேவல், வெள்ளை நிறம், ஆகுமா ஆகாதா என்று பூசாரியைக் கேட்டுச் சொல்லுங்கள் என்று. சாமிக்கு நேர்ந்துகொள்கிற இடத்தில் மழுப்பல் வேண்டாம்.

குஞ்சு எடுப்பதற்கு 38-ஐ நம்பாதீர்கள். அந்தக் கோழிக்கு நான்கு தாத்தா பாட்டியும் நான்கு தனி வம்சம். அதைத் தன்னோடு தானே சேர்த்தால், பிறக்கும் குஞ்சுகள் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கும். 8 வாரத்தில் ஒரு குஞ்சு ஒன்றரைக் கிலோ, கூடப் பொரித்தது எழுநூறு கிராம். அடைக்கு உட்காரும் குணமும் வணிக வம்சங்களில் ஏறக்குறைய தேய்ந்துவிட்டது. 14-இல் உள்ள பெட்டைகள் தானே முட்டையிட்டு, தானே அடை காத்து, பருந்து நிழல் விழுந்தால் குஞ்சைச் சிறகுக்குள் இழுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் அம்மா பஞ்சாரம் கவிழ்த்து வைத்து வளர்த்தது அந்தக் கோழியைத்தான். எடை கொஞ்சம் கூட வேண்டுமென்றால், கம்போங் பெட்டைகளுக்கு 38-இல் ஒரு நல்ல சேவலை விட்டுப் பார்க்கலாம். பிறக்கும் குஞ்சைக் கலப்பு என்று தனியாக வையுங்கள். சுத்தக் கம்போங் கூட்டத்துக்கு வருடத்துக்கு ஒரு முறை வேறு ஊர்ச் சேவலைக் கொண்டு வாருங்கள், ரத்தம் நெருங்கினால் முட்டை பொரிப்பது குறையும்.

இப்போதைக்கு மூன்று கும்பலையும் வலை கட்டிப் பிரித்துவிடுங்கள். பெரியது தொட்டியை மறித்தால் 14-க்குத் தீனி எட்டாது. ஒவ்வொரு கும்பலிலும் ஐந்துக்குக் காலில் வண்ணக் கயிறு தளர்வாகக் கட்டி, ஞாயிறுதோறும் காலையில் தீனி போடும் முன் எடை நிறுத்து எழுதுங்கள். கால் தடிக்கத் தடிக்கக் கயிற்றைத் தளர்த்த மறக்காதீர்கள். நான்கு ஞாயிறு ஆனதும் அந்தத் தாளை அனுப்பி வையுங்கள், சகோதரி. 14-இல் எந்தச் சேவலைக் குஞ்சுக்கு நிறுத்துவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.